அடித்துவிட்ட ஒரு பத்தி

அப்பாவுக்கு பைபாஸ் நடந்த செமஸ்டரில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியையும் பிசிக்ஸையும் பாதியில் விட்டேன். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும்போது பாடத்தைப் பாதியில் விட்டதைக் காட்டும் அந்த இரண்டு ‘டபிள்யூ’ குறியும் தூக்கத்தைக் கெடுத்தன. அதற்காகத்தான் இந்த ஆலோசனைச் சேவைக்குப் பணம் கட்டினேன்.

விட்ட பாடங்களையும் ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பத் தளத்தில் கட்டாயம் பதிய வேண்டும், ஆனால் ஜிபிஏ என்ற சராசரி கிரேடு கணக்கில் அவை சேராது என்று ஆலோசகர் முதலிலேயே தெளிவாகச் சொன்னார். அப்புறம் 5,300 எழுத்துக்குள் அடங்க வேண்டிய என் விண்ணப்பக் கட்டுரையில், இதைப் பற்றி நான் புலம்பியிருந்த பத்தியை முழுசாக அடித்துவிட்டார். கோபம் வந்தது. “கல்லூரி தனியாகக் கேட்டால் மூன்று வரி போதும். என்ன நடந்தது, எப்போது சரியானது, திரும்பப் படித்து என்ன கிரேடு வாங்கினீர்கள், அவ்வளவுதான்” என்றார். எழுதிப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி.

ஒரே குறை, திருத்திய பிரதி வர ஒன்பது நாள் ஆனது. ஜூன் மாத அவசரத்தில் அது ரொம்ப அதிகம்.