வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெயா, லோஷனா, வாசலினா?

மார்கழிப் பனி, நாள் முழுக்க ஏசி, இரண்டில் எது வந்தாலும் முழங்காலுக்குக் கீழே நகத்தால் லேசாகக் கீறினால் வெள்ளைக் கோடு விழுகிற தோல் என்னுடையது. மூன்றையும் மாற்றி மாற்றித் தடவிப் பார்த்துவிட்டு இப்போது பெட்ரோலியம் ஜெல்லியில், அதாவது எல்லோரும் வாசலின் என்று சொல்வதில், நிலைத்துவிட்டேன். விலை, வாசனை, பிசுபிசுப்பு எல்லாம் அவரவர் விருப்பம். தேங்காய் எண்ணெய் வீட்டிலேயே இருக்கும், லோஷன் துணியில் ஒட்டாது, வாசலின் ஒட்டும், அவ்வளவுதான். முடிவெடுக்க ஒரே ஒரு கேள்வி போதும்: தோலுக்குள் இருக்கும் தண்ணீரை எது வெளியே விடாமல் நிறுத்துகிறது?

தோலின் மேலடுக்கு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு கனம்தான் இருக்கும். செத்த செல்கள் செங்கல்லாக அடுக்கியிருக்க, நடுவில் சாந்தாக இருப்பது கொழுப்பு: செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள். தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொண்டு நகர்பவை. கொழுப்பின் நீண்ட கார்பன் வாலில் அப்படிப் பிடித்துக்கொள்ள எதுவுமில்லை, அதனால் அந்தச் சாந்தைத் தாண்டிப் போவது தண்ணீருக்குப் பெரும்பாடு. அப்படியும் வியர்வையைச் சேர்க்காமலேயே நாளுக்கு 300 முதல் 400 மில்லி தோல் வழியே ஆவியாகிறது. பெரிய தீக்காயத்தில் இந்த அடுக்கு போய்விட்டால் இழப்பு 3 முதல் 5 லிட்டர் வரை ஏறும். 1929-ல் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்ற அமெரிக்க விஞ்ஞானித் தம்பதி எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத தீனி கொடுத்துப் பார்த்தார்கள். வாலில் செதில் செதிலாக உரிந்தது, எலிகள் வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்தன. லினோலிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தைக் கொடுத்ததும் சரியானது. அந்த அமிலம் தோலின் செராமைடுக்குள்ளேயே போய் உட்காரும் ஒரு பாகம் என்பது பின்னால்தான் புரிந்தது. தோல் வறட்சியைக் கொழுப்புப் பிரச்சினையாகவே நான் பார்ப்பதற்கு இதுதான் காரணம்.

லோஷனை முதலில் முடித்துவிடுவோம். பாட்டிலின் பின்பக்கம் பாருங்கள், பெரும்பாலும் முதலில் இருப்பது தண்ணீர், அடுத்து கிளிசரின். கிளிசரினில் மூன்று ஹைட்ராக்சில் முனைகள், மூன்றும் தண்ணீரை இழுத்துப் பிடிக்கும். தேங்காய் எண்ணெயின் முதுகெலும்பும் இதே கிளிசரின்தான். அங்கே மூன்று முனையிலும் கொழுப்பு அமிலங்கள் பிணைந்துவிடுவதால் அது தண்ணீரோடு சேராத எண்ணெயாகிவிடுகிறது. ஆனால் கிளிசரின் தண்ணீரைப் பிடித்து வைக்குமே தவிர ஆவியாகிற வழியை அடைக்காது. அதனால்தான் நல்ல லோஷன்களில் பாரஃபினோ பெட்ரோலேட்டமோ (வாசலினுக்கு இன்னொரு பெயர்) சேர்த்திருப்பார்கள். தண்ணீர் இருப்பதால் கிருமி வளராமலிருக்கப் பதப்படுத்தும் ரசாயனமும் தேவைப்படும்.

தேங்காய் எண்ணெய்மேல் எனக்கு மரியாதை உண்டு. பாதிக்குப் பாதி லாரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம், 12 கார்பன், இரட்டைப் பிணைப்பு இல்லாத நிறைவுற்ற சங்கிலி, அதனால் மற்ற எண்ணெய்கள் போலச் சீக்கிரம் காறல் வாடை அடிக்காது. லாரிக் அமிலத்துக்கும் அதிலிருந்து வரும் மோனோலாரினுக்கும் பாக்டீரியாவை எதிர்க்கும் குணம் இருக்கிறது. 2004-ல் பிலிப்பைன்ஸில் வறண்ட தோல்காரர்களுக்குத் தடவி ஒப்பிட்டபோது பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மினரல் ஆயிலுக்குச் சமமாகவே வேலை செய்தது. ஆனால் எலிகளைக் காப்பாற்றிய லினோலிக் அமிலம் இதில் கொஞ்சமே கொஞ்சம், அந்த விஷயத்தில் சூரியகாந்தி எண்ணெய் எங்கேயோ மேலே. எனக்குப் பட்ட குறை வேறு: காலையில் தடவினால் மதியத்துக்குள் கால் பழையபடி வெளுத்துவிடும்.

வாசலின் கண்டிப்பாகச் சொன்னால் உயிரிகளின் கொழுப்பே அல்ல. 1872-ல் அமெரிக்காவில் ராபர்ட் செஸ்ப்ரோ காப்புரிமை வாங்கிய, பெட்ரோலியத்திலிருந்து எடுத்துச் சுத்தம் செய்த ஹைட்ரோகார்பன் கலவை. கார்பனும் ஹைட்ரஜனும்தான், தண்ணீர் பற்றிக்கொள்ள எந்த முனையும் இல்லை, கெட்டுப்போகவும் பெரிதாக ஒன்றுமில்லை. தோல் மருத்துவர்கள் அடிக்கடி சொல்லும் கணக்குப்படி இது ஆவியாகும் நீரை 98 சதவீதம் வரை குறைக்கும், மற்ற எண்ணெய்கள் 20 முதல் 30 சதவீதம்தான். ஆய்வுக்கூடத்தில் கெட்டியாகப் பூசி அளந்த கணக்கு அது, நாம் மெல்லிசாகத் தேய்க்கும்போது அவ்வளவு வராது, ஆனாலும் இடைவெளி பெரியது. இன்னொன்று, மேலே மூடியாக மட்டும் இது நிற்பதில்லை. அந்தக் கொழுப்புச் சாந்தின் இடுக்குகளுக்குள்ளும் இறங்குகிறது, தோல் தன்னைத்தானே சரிசெய்வதையும் தடுப்பதில்லை என்று 1992-ல் வெளியான ஆய்வு காட்டியது.

இதில் தண்ணீர் துளியும் கிடையாது, அதனால் காய்ந்த தோலைவிட ஈரத் தோலில் பூசினால்தான் பயன் அதிகம். குளித்ததும் துண்டால் ஒற்றிவிட்டு, ஈரம் போவதற்குள், பட்டாணி அளவு எடுத்து உள்ளங்கையில் தேய்த்துக் காலில் இழுத்துவிட வேண்டும். பித்தவெடிப்புக்கு ராத்திரி பூசிப் பழைய சாக்ஸ் போட்டுக்கொண்டு படுத்தால் காலையில் குதிகால் தொடும்போதே வித்தியாசம் தெரியும். கொதிக்கிற வெந்நீரும் காலில் நுரைக்க நுரைக்கச் சோப்பும் அந்தச் சாந்தையே கழுவிக்கொண்டு போய்விடும், அவற்றைக் குறைக்காமல் எதைப் பூசினாலும் வீண்.

முகத்தில் நான் போட்டதில்லை, பரு வருகிற தோல் உள்ளவர்கள் என் பேச்சை நம்பி இறங்க வேண்டாம். கைக்குழந்தைகளுக்கும் எனக்கு அனுபவமில்லை, மருத்துவரைக் கேளுங்கள். அப்புறம், வாசலின் ஊறிய துணி சீக்கிரம் தீப்பற்றும், அடுப்படிக்குப் போகும் முன் உடையை மாற்றிக்கொள்ளுங்கள்.