ஹோம்லினா என்ன அர்த்தம்? ஆக்ஸ்ஃபோர்ட் லேர்னர்ஸ் டிக்‌ஷனரி ரிவ்யூ

தங்கச்சிக்கு வரன் பாக்க ப்ரொஃபைல் எழுதினது நான்தான், எல்லாரும் போடற மாதிரி 'ஹோம்லி கேர்ள்'னு போட்டுட்டேன், அமெரிக்காவுலயே பொறந்து வளர்ந்த சித்தி பொண்ணு அத பாத்துட்டு உடனே கால் பண்ணி "அண்ணா, முதல்ல அந்த வார்த்தைய எடுங்க, இங்க ஹோம்லினா பாக்க லட்சணமா இல்லனு அர்த்தம்"னு சொன்னா. பக்குனு ஆயிடுச்சு.

வீட்ல இருந்த குட்டி இங்கிலீஷ்-தமிழ் அகராதில 'எளிமையான, வீட்டுப்பாங்கான', அவ்ளோதான். யாரு எங்க எப்படி சொல்றாங்கனு ஒரு வரி இல்ல. அப்புறம்தான் ஆக்ஸ்ஃபோர்ட் அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் டிக்‌ஷனரி வெப்சைட்டுக்கு போனேன், ஃப்ரீதான். அங்க ஹோம்லிக்கு அர்த்தம் தனித்தனியா பிரிச்சு, இது பிரிட்டிஷ், பாராட்டா சொல்றது, இது வட அமெரிக்கா, குறையா சொல்றதுனு ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துலயே போட்டிருக்காங்க. எனக்கு இந்த டிக்‌ஷனரில ரொம்ப பிடிச்சதே இதுதான், ஏன்னா அர்த்தம் தெரிஞ்சா மட்டும் போதாது, அத சொன்னா எதிர்ல இருக்கறவங்க சந்தோஷப்படுவாங்களா சங்கடப்படுவாங்களானு தெரியணும் இல்லையா.

இத ஆரம்பிச்ச ஹார்ன்பி ஜப்பான்ல இங்கிலீஷ் வாத்தியாரா இருந்தவர், முதல் பதிப்பே 1942ல டோக்கியோவுல தான் வந்துச்சு. வெளிநாட்டு பசங்களுக்குனே செஞ்சது, அதனால விளக்கம் எல்லாம் ஈஸியான வார்த்தைலயே இருக்கும். பத்தாவது பதிப்பு 2020ல வந்துச்சு. உச்சரிப்புக்கு பிரிட்டிஷ் ஒண்ணு அமெரிக்கன் ஒண்ணுனு ரெண்டு ஸ்பீக்கர் பட்டன் இருக்கு, அதுவும் நல்லா இருக்கு.

குறைனா, அர்த்தம் ஏன் இப்படி பிரிஞ்சுதுனு அந்த பக்கத்துல பெருசா விளக்கம் இல்ல. வீட்டுல இருக்கற மாதிரினா பகட்டு இல்லாதது, பகட்டு இல்லாதது முகத்துக்கு வந்தா அழகு இல்லாததுனு ஆயிடுச்சு, இது அமெரிக்காக்காரங்க புதுசா கண்டுபிடிச்சது இல்ல, 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துலயே அப்படி சொல்லிருக்காங்க. தமிழ் அர்த்தமும் கிடையாது, ஆறாவது ஏழாவது படிக்கற பசங்களுக்கு பக்கத்துல பெரியவங்க யாராவது வேணும்.

5க்கு 4.5 தருவேன். ப்ரொஃபைல்ல ஹோம்லிய தூக்கிட்டு, அவ பேங்க்ல வேலை பாக்கறா, வீணை வாசிப்பா, பாட்டிய பக்கத்துல இருந்து பாத்துக்கறானு உள்ளத எழுதினேன். நம்ம ஊர் மெஸ் போர்டுல இருக்கற 'ஹோம்லி மீல்ஸ்' மட்டும் அப்படியே இருக்கட்டும், சாப்பாட்டுக்கு எளிமையா நல்லா இருக்குங்கற பிரிட்டிஷ் அர்த்தம் கரெக்டா பொருந்துது.