யுபிஎஸ் கண்காணிப்பு: யுஎஸ்பி கேபிளா, எஸ்என்எம்பி கார்டா?

சர்வர்களைக் கண்காணிக்கும் மென்பொருளான ஜாபிக்ஸோ நாகியோஸோ ஏற்கெனவே ஓடுகிறது, யுபிஎஸ்ஸையும் அதில் கோக்க வேண்டும். யுபிஎஸ்ஸை யுஎஸ்பி கேபிளால் ஒரு சர்வரோடு இணைப்பதா, யுபிஎஸ்ஸில் செருகி நேரே நெட்வொர்க்கில் இணைக்கும் எஸ்என்எம்பி கார்டு வாங்குவதா? அப்போது வரும் குழப்பம் இது.

செலவு
கேபிள்: பெரும்பாலும் பெட்டியிலேயே வரும். அதன் வழியே யுபிஎஸ் நிலையைப் படிக்கும் 'நட்' மென்பொருள் இலவசம்.
கார்டு: தனியே வாங்க வேண்டும், விலை உறைக்கும். சின்ன யுபிஎஸ்களில் செருக இடமே இருக்காது.

அமைப்பது
கேபிள்: லினக்ஸில் ஒரு மாலை நேர வேலை. 'நட்' காட்டும் நிலை 'ஓஎல்' என்றால் கரன்ட் இருக்கிறது; 'ஓபி' என்றால் பேட்டரியில் ஓடுகிறது; கூடவே 'எல்பி' வந்தால் பேட்டரி தீரப்போகிறது, சர்வரை மூட வேண்டியதுதான்.
கார்டு: ஐபி கொடுத்தால் 161ஆம் போர்ட்டில் பதில் சொல்லும். கடவுச்சொல் போல வேலை செய்யும் 'பப்ளிக்' என்ற கம்யூனிட்டி பெயரை முதலில் மாற்றிவிடுங்கள்.

பல சர்வர்கள்
கேபிள்: செருகிய சர்வர்தான் மற்றவற்றுக்கு 3493ஆம் போர்ட் வழியே சேதி சொல்லும். அது படுத்தால் மற்றவை குருடு.
கார்டு: எந்தச் சர்வரையும் நம்பி இல்லை.

இரண்டிலும் ஒரு கண்ணி உண்டு. என் சர்வர் ரேக்கில் நெட்வொர்க் சுவிட்ச் சுவர் பிளக்கில் இருந்தது. கரன்ட் போனது, சுவிட்சும் போனது, 'மூடு' என்ற சேதி யாருக்கும் எட்டவில்லை. சுவிட்சையும் யுபிஎஸ்ஸில் போடுங்கள், ஐயா!

ஒன்றிரண்டு சர்வர் என்றால் கேபிளே தாராளம். ரேக் நிறையச் சர்வர்கள் இருந்தால் கார்டு. ஆனால் ஜாபிக்ஸ் எச்சரிக்கை அனுப்புவதோடு திருப்திப்படாதீர்கள். கார்டையும் 'நட்' மூலமே படிக்கவைத்தால் சர்வர்கள் தாமாகவே ஒழுங்காக மூடிக்கொள்ளும்.