16 அவுன்ஸ் பாக்சிங் கிளவுஸ்: ஷூ கம்பெனியில் வேலை செய்யும் ஓர் அக்காவின் மதிப்புரை

என் தம்பி தொழில்முறைக் குத்துச்சண்டைக்குப் போகிறான். அமெச்சூரில் மாவட்டம், மாநிலம் என்று ஆடிவிட்டு, இனி இதுதான் என் வேலை என்று முடிவு பண்ணிவிட்டான். அவனுக்கு வாங்கிக் கொடுத்த பயிற்சி கிளவுஸைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஜலந்தரில் தைத்தது. 16 அவுன்ஸ், மாட்டுத்தோல், மணிக்கட்டில் வெல்க்ரோ பட்டை, ஜோடி 3,800 ரூபாய். தோலும் உள்ளே இருக்கும் ஃபோமும் அருமை, கட்டைவிரல் தையல் மோசம். ஆனாலும் வாங்கலாம்.

பிராண்ட் பேரை எழுதவில்லை. நான் பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். ஒரே லைனில் ஓடுகிற சரக்கு வேறு வேறு லேபிள் ஒட்டிக்கொண்டு போவதைப் பார்த்துப் பழகியவள். அதனால் எனக்கு லேபிள் முக்கியமில்லை. எந்தப் பேரில் வாங்கினாலும் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

முதலில் அவுன்ஸ் கணக்கு. புரொஃபஷனலாக ஆகிறான் என்றதும் சொந்தக்காரர்கள் எல்லாம் மேட்ச் கிளவுஸ் வாங்கிக் கொடு என்றார்கள். தொழில்முறைப் போட்டியில் வெல்டர்வெயிட் வரைக்கும், அதாவது 147 பவுண்டு, நம் கணக்கில் 66.7 கிலோ வரைக்கும், 8 அவுன்ஸ் கிளவுஸ். அதற்கு மேல் எடை என்றால் 10 அவுன்ஸ். 8 அவுன்ஸ் என்பது ஒரு கைக்கு 227 கிராம்தான். அந்த கிளவுஸைப் போட்டி நடத்துகிறவர்களே கொடுத்துவிடுவார்கள், அதிகாரிகள் பார்த்து, கையில் சுற்றிய கட்டுத்துணியையும் சரிபார்த்த பிறகுதான் மாட்ட விடுவார்கள். நாம் வாங்கி வைத்தால் பீரோவில்தான் கிடக்கும். பையனுக்கு தினமும் வேண்டியது ஸ்பாரிங் கிளவுஸ், அதாவது பயிற்சிச் சண்டைக்கு மாட்டுவது. எதிரே நிற்பவன் கூடவே பயிற்சி எடுக்கிற பையன். அவன் முகமும் நாளைக்கு நன்றாக இருக்க வேண்டும் இல்லையா? அதற்குத்தான் 16 அவுன்ஸ், கைக்கு 454 கிராம். கம்பெனி லேப் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒன்று 449, இன்னொன்று 458. கையால் தைக்கிற பொருளுக்கு இந்த வித்தியாசத்தை நான் பாஸ் பண்ணிவிடுவேன்.

தம்பிக்கு இந்த ஆசையைக் கொடுத்தது நிஷாந்த் தேவ். அரியானாவின் கர்னால் பையன். 2023 தாஷ்கண்ட் உலகச் சாம்பியன்ஷிப்பில் 71 கிலோவில் வெண்கலம் எடுத்தார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் காலிறுதியில் மெக்சிகோவின் மார்கோ வெர்டேயிடம் தோற்றார். அந்தத் தீர்ப்பைப் பற்றி எங்கள் வீட்டில் இன்றைக்கும் பேச்சு எடுக்க முடியாது, தம்பி கொதித்துப் போவான். அதோடு ஓய்ந்துபோகாமல், தொழில்முறைப் போட்டிகளை நடத்துகிற மேட்ச்ரூம் நிறுவனத்தில் ஒப்பந்தம் போட்டு, 2025 ஜனவரி 25 அன்று லாஸ் வேகாஸில் தன் முதல் தொழில்முறைப் போட்டியில் ஆல்டன் விக்கின்ஸை முதல் ரவுண்டிலேயே முடித்துவிட்டார். இங்கே சேதி வரும்போது குடியரசு நாள். தம்பி அந்த வீடியோவை அம்மாவுக்கும் போட்டுக் காட்டினான். "பாத்தியாம்மா, இடது கை" என்றான். நிஷாந்தும் இடதுகை ஆட்டக்காரர், இவனும் இடதுகை.

அதற்கு முன்னால் விஜேந்தர் சிங் போட்ட பாதை இருக்கிறது. 2008 பெய்ஜிங்கில் வெண்கலம், 2015 அக்டோபரில் மான்செஸ்டரில் தொழில்முறை அறிமுகம், மறு வருஷம் டில்லியில் கெர்ரி ஹோப்பை ஜெயித்து டபிள்யூ.பி.ஓ. என்கிற உலகக் குத்துச்சண்டை அமைப்பின் ஆசிய பசிபிக் பட்டம். ஆனால் இவர்கள் எல்லாம் ஒலிம்பிக் பார்த்த பிறகு போனவர்கள், பேர் இருந்தது. பேர் இல்லாத ஒரு பேரணாம்பட்டுப் பையன் நாலு ரவுண்டு சண்டையில் ஆரம்பித்து ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். தலைக்கவசம் கிடையாது, சம்பளம் கிடையாது, மேட்ச் இல்லாத மாசம் வருமானமும் கிடையாது. இதெல்லாம் தெரிந்துதான் நானும் சரி என்றேன். சத்துவாச்சாரி சதீஷ்குமார் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோவிலும் 2018 கோல்ட் கோஸ்டிலும் பளுதூக்குதலில் காமன்வெல்த் தங்கம் எடுத்தவர். நம் மாவட்டத்துப் பையன் ஒருத்தன் அவ்வளவு தூரம் போயிருக்கிறான் என்றால் இன்னொருத்தனும் போகலாம். தம்பியின் மூலதனம் எல்லாம் அந்த ரெண்டு கைதான். அந்தக் கைக்கு மாட்டுகிற பொருளில் காசுக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது என்பது என் எண்ணம்.

இனி தோலுக்கு வருகிறேன். மூவாயிரத்துக்கு மேல் விலை சொல்லி, "லெதர்" என்று அச்சடித்து, ரெக்ஸினைத் தலையில் கட்டுகிறவர்கள் உண்டு. அதைவிடக் கொடுமை ஸ்பிளிட். தோலின் மேல்பக்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சுகிற அடித்தோலின் மேல் பிளாஸ்டிக் படலம் ஒட்டி விற்பது. பேருக்கு அதுவும் தோல்தான், ஆனால் விரல் முட்டிப் பக்கம் நாலு மாசத்தில் தகடு தகடாக உரியும். கடையில் நான் செய்தது இதுதான். மணிக்கட்டு ஓரத்தில் லைனிங் சேருகிற இடத்தை விரலால் பிரித்து வெட்டுவாயைப் பார்த்தேன். அங்கே லேசான நீலச் சாம்பல் நிறத்தில் நார் நாராகத் தெரிந்தது. குரோம் போட்டுப் பதனிட்ட தோல். எங்கள் பக்கம் ஆவாரம்பட்டையில் பதனிட்ட காலம் தாத்தாவோடு போயிற்று. அந்தத் தோலின் வெட்டுவாய் பழுப்பாக இருக்கும். வியர்வைக்கு குரோம் தோல்தான் தாங்கும். அப்புறம் முட்டி மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். மெல்லிய சுருக்கங்கள் ஓடி, கையை எடுத்ததும் மறைந்தன. மயிர்க்கண்ணும், அதாவது மாட்டின் மயிர் முளைத்திருந்த துளைகளும், ஒழுங்கில்லாமல் இருந்தது. அச்சில் அழுத்திய ரெக்ஸின் என்றால் எல்லாம் ஒரே சீராக இருக்கும். கடைசியாக முகர்ந்து பார்த்தேன். "இன்னாக்கா, கடையில வெச்சி இப்டி மோந்து பாக்கிற?" என்று தம்பி நெளிந்தான். கடைக்காரர் சிரிக்கவில்லை. "அவங்க பாக்கட்டும்பா, தெரிஞ்சவங்க" என்றார். வேலூரில் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கிற சின்ன விளையாட்டுச் சாமான் கடை. பெட்டியைப் பிரித்துத் தொட்டுப் பார்க்க விட்டதற்காகவே ஆன்லைனை விட 200 ரூபாய் கூடக் கொடுத்தேன்.

ஃபோம் ஒரே கட்டியாக வார்த்தது இல்லை, அடுக்கு அடுக்காக வைத்தது. புதிதில் விறைப்பாக இருந்து, பழகப் பழகக் கைக்குப் படிந்தது. முட்டியும் சுண்டுவிரல் பக்கமும் நல்ல தடிமன். குத்தும்போது சுண்டுவிரலுக்குப் பின்னால் இருக்கிற எலும்பு முறியலாம் என்று தம்பிக்குப் பயிற்சி கொடுக்கிற மாஸ்டர் சொல்லியிருக்கிறார். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் அடித்த பிறகு பார்த்தால் வலது கிளவுஸ்தான் முதலில் தொய்ந்திருக்கிறது. இடதுகைக்காரனுக்கு ஜாப், அதாவது முன்கையால் சட்டென்று நீட்டுகிற குத்து, வலதில் வரும், நாள் முழுக்க வேலை செய்வது அந்தக் கைதான். இடது கிளவுஸில் முட்டிக்கு நேரே ஒரே ஒரு இடம் மட்டும் சின்னப் பள்ளமாக இருக்கிறது. பலமான அடி எல்லாம் ஒரே இடத்தில் சரியாக விழுகிறது என்று மாஸ்டருக்கு அதைப் பார்த்து சந்தோஷம். எனக்கோ இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்ற யோசனை. ஸ்பாரிங்குக்கு இன்னும் ஆறு மாசம் வரும், அதற்குப் பிறகு தொங்கவிட்டுக் குத்துகிற பயிற்சி மூட்டைக்கு மட்டும்தான்.

கட்டைவிரல்தான் குறை. கட்டைவிரலை கிளவுஸோடு இணைத்து ஒரு சிறிய பட்டை தைத்திருப்பார்கள். விரல் பின்னால் மடங்காமலும், எதிராளி கண்ணில் போய்க் குத்தாமலும் இருப்பதற்காக வைக்கிற பட்டை அது. இந்த கிளவுஸில் அதை ஒற்றை வரிசைத் தையலில் விட்டுவிட்டார்கள். போதாததற்குத் தையலை நெருக்கி நெருக்கிப் போட்டிருக்கிறார்கள். நெருக்கிப் போட்டால் கெட்டி என்று நினைப்பவர்கள் உண்டு. தோலில் ஊசி போட்ட ஓட்டை மூடாது. நெருக்கமாக ஓட்டை போட்டால் ஸ்டாம்பு கிழிகிற மாதிரி அந்தக் கோட்டிலேயே கிழியும். அப்படியே கிழிந்தது. என் டேபிளுக்கு வந்திருந்தால் ரிஜெக்ட் போட்டிருப்பேன். தயாரித்த கம்பெனிக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன், "பயன்படுத்திய பொருளுக்கு உத்தரவாதம் இல்லை" என்று ஒரு வரி பதில் வந்தது. பயன்படுத்தாமல் கட்டைவிரல் எப்படிக் கிழியும்? இந்தப் பதிலுக்காகவே ஒரு மார்க் குறைக்கிறேன்.

பேரணாம்பட்டு பஸ் ஸ்டாண்டில் செருப்பு தைக்கிற பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் பழைய ஓட்டைகளை விட்டுவிட்டு, உள்ளே மெல்லிய தோல் துண்டு ஒன்று வைத்து, கொஞ்சம் தள்ளி மெழுகு நூலில் இரண்டு வரிசை போட்டார். 60 ரூபாய். இன்றுவரை அசையவில்லை.

மணிக்கட்டுப் பட்டை அகலம், நன்றாகப் பிடிக்கிறது. கயிறு கட்டுகிற மாடல் இன்னும் இறுக்கமாக இருக்கும், ஆனால் தனியாக மூட்டை அடிக்கப் போகிறவனுக்குக் கட்டிவிட ஆள் வேண்டும். உள்ளங்கையில் காற்றுப்போக வைத்த ஓட்டைகள் பேருக்குத்தான். வேலூர் வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே ஆடினால் லைனிங் நனைந்து சொட்டும். கைக்கு 4.5 மீட்டர் கட்டுத்துணி சுற்றித்தான் மாட்ட வேண்டும், பாதி வியர்வையை அது குடித்துவிடும். முடிந்ததும் கிளவுஸைப் பையில் போட்டு மூடக்கூடாது. பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, ஃபேனுக்குக் கீழே வாய் விரித்து வைக்க வேண்டும். மொட்டைமாடி வெயிலில் காயப்போடாதீர்கள். தோல் வறண்டு வெடித்துவிட்டால் எந்த எண்ணெய் போட்டாலும் திரும்பி வராது. இந்த ஒரு விஷயத்தில் அம்மாவோடு எனக்கு தினமும் சண்டை, துணி காயப்போடுகிற கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டுவிடுவார்.

தம்பி இப்போது 68 கிலோ. முதல் மேட்ச் வெல்டர்வெயிட்டில் என்று மாஸ்டர் முடிவு செய்திருக்கிறார். அடுத்த ஜோடி வாங்கும்போது இதே மாடலைத்தான் எடுப்போம். கடையிலிருந்து நேரே பெரியவரிடம் போய், கட்டைவிரலுக்கு இரண்டாவது வரிசை போட்டு வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவோம். ஆக மொத்தம் 3,860 ரூபாய். ஐந்துக்கு மூன்றரை மார்க்.