சைல்ட்மைண்டரா, நர்சரியா, பள்ளி நர்சரியா? இங்கிலாந்தில் அரசு தரும் 30 மணி நேரம்

இங்கிலாந்தில் வேலைக்குப் போகும் பெற்றோரின் குழந்தைக்கு, 9 மாதம் ஆனதற்கு அடுத்த பள்ளிப் பருவத்திலிருந்து (டெர்ம்) பள்ளி சேரும் வரை வாரம் 30 மணி நேரப் பராமரிப்புக்கு அரசு பணம் கட்டுகிறது. 2025 செப்டம்பரில் இது முழு அளவில் நடைமுறைக்கு வந்தது. நர்சரியில்தான் இது செல்லும் என்று எண்ணி, அடுத்த தெருவில் தன் வீட்டிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் சைல்ட்மைண்டரை விசாரிக்காமலே விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். அரசின் ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டிலோ சைல்ட்மைண்டர் ஏஜென்சியிலோ பதிவு செய்து, இந்தத் திட்டத்துக்காகக் கவுன்சிலிலும் சேர்ந்திருக்கும் சைல்ட்மைண்டரிடம் நர்சரியில் கொடுக்கும் அதே தகுதிக் குறியீட்டு எண்ணை (கோட்) கொடுத்து இடம் வாங்கலாம். கைக்குழந்தைக்கும் இரண்டு வயதுப் பிள்ளைக்கும் பெரும்பாலும் அதுவே நல்ல தேர்வு. மூன்று வயதானபின் நிலைமை மாறுகிறது.

ஒருவருக்கு எத்தனை குழந்தைகள்?

தனியாக வேலை செய்யும் சைல்ட்மைண்டர் எட்டு வயதுக்குட்பட்ட ஆறு பேர் வரை பார்க்கலாம். அதில் பள்ளி வயதை எட்டாத சின்னவர்கள் மூன்று பேர், ஒரு வயதுக்குக் கீழே ஒருவர். அவருடைய சொந்தப் பிள்ளைகளும் இந்த எண்ணிக்கையில் அடக்கம். உடன்பிறந்தவர்களைச் சேர்க்க நேரும்போது விதியில் சிறிது தளர்வு உண்டு.

நர்சரியில் இரண்டு வயதுக்குக் கீழே மூன்று குழந்தைக்கு ஒரு ஊழியர், இரண்டு வயதில் ஐவருக்கு ஒருவர். மூன்று வயதுக்கு மேல் எட்டுப் பேருக்கு ஒருவர், தகுதி பெற்ற ஆசிரியர் இருந்தால் பதின்மூன்று பேருக்கு ஒருவர். ஆக, கைக்குழந்தைக்கு எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் ஆளில் இருக்கிறது. சைல்ட்மைண்டர் வீட்டில் தூங்கவைப்பதும் ஊட்டுவதும் தினமும் ஒரே ஆள். நர்சரியில் ஷிப்ட் மாறும், வயது ஏற ஏற அறையும் மாறும். எண்ணிக்கை வித்தியாசம் தெரிய ஆரம்பிப்பது இரண்டு வயதில்தான்.

மணிக்கணக்கு

30 மணி நேரம் என்பது ஆண்டுக்கு 38 வாரத்துக்கு, மொத்தம் 1,140 மணி. பள்ளி விடுமுறையிலும் வேலைக்குப் போகிறவர்கள் அதை 51 வாரத்துக்குப் பரப்பிக் கேட்கலாம். அப்போது வாரத்துக்குச் சுமார் 22 மணிதான் வரும். நர்சரிகள் பலவும் 10 மணி நேர முழு நாளாகவே இடம் தருகின்றன. இரண்டு நாள் போக மிஞ்சும் இரண்டு மணியைப் பயன்படுத்த வழி இருக்காது. மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் சைல்ட்மைண்டரிடம் அதைப் பிரித்துப் போடுவது எளிது. காலை 6 முதல் இரவு 8 வரை, ஒரு நாளுக்கு 10 மணி வரை அரசுப் பணம் செல்லும் என்பதால் மருத்துவமனை ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு அதிகாலையில் கதவு திறக்கும் சைல்ட்மைண்டர் பெரிய உதவி. ஆனால் எல்லா சைல்ட்மைண்டரும் இந்த இடங்களைத் தருவதில்லை. தருகிறவர்களிலும் சிலர் பள்ளிப் பருவத்துக்கு மட்டும்தான் தருவார்கள். முதல் பேச்சிலேயே கேட்டுவிடுங்கள்.

பில்லில் என்ன வரலாம்?

சாப்பாடு, டயப்பர், வெளியே அழைத்துப்போகும் செலவு ஆகியவற்றுக்குக் காசு கேட்கலாம். அதைக் கட்டினால்தான் இடம் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. தங்கள் வழக்கமான கட்டணத்துக்கும் கவுன்சில் தரும் தொகைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெற்றோரிடம் வாங்குவதும் விதிக்குப் புறம்பு. இது எல்லா இடத்துக்கும் பொருந்தும். மொத்தமாக ஒரு தொகை எழுதிய பில் வந்தால் இனம் இனமாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். கூடுதல் மணி நேரத்துக்கு டாக்ஸ்-ஃப்ரீ சைல்ட்கேர் கணக்கு வழியாகக் கட்டினால், நீங்கள் போடும் ஒவ்வொரு 8 பவுண்டுக்கும் அரசு 2 பவுண்டு சேர்க்கும். அரசு இப்படிச் சேர்ப்பதற்கு வரம்பு பிள்ளைக்கு ஆண்டுக்கு 2,000 பவுண்டு.

சைல்ட்மைண்டரின் பலவீனம் ஒன்று: அவருக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கு மூடல். அவர் விடுப்புக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டுமா, அந்த நாட்களில் மாற்று ஆள் யார் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். இதைப் பேசாமல் சேர்த்துவிட்டு, ஆகஸ்டில் திண்டாடுகிறவர்கள் அதிகம்.

நம் குடும்பங்களில் அடிக்கடி எழும் கேள்விகள்

சித்தியோ அத்தையோ பாட்டியோ பதிவு பெற்ற சைல்ட்மைண்டராகவே இருந்தாலும் உறவுப் பிள்ளைக்கு இந்தப் பணம் வாங்க முடியாது. வீட்டுக்கு வந்து பார்க்கும் ஆயாவுக்கும் செல்லாது. பெற்றோர் இருவருக்குமே அரசு உதவித்தொகை பெற அனுமதி இல்லாத விசா என்றால் 30 மணி கிடைக்காது. மூன்று வயது முடிந்த அடுத்த பருவத்திலிருந்து எல்லாப் பிள்ளைக்கும் உள்ள 15 மணி நேரத்துக்கு விசா தடையில்லை.

தமிழ் பேசும் சைல்ட்மைண்டரிடம் விட்டால் இங்கிலீஷ் வராது என்ற பயம் தேவையில்லை. வீட்டு மொழியில் விளையாட வாய்ப்புத் தருவதும், பள்ளிக்குப் போகுமுன் ஆங்கிலத்தில் போதிய பழக்கம் தருவதும் இரண்டுமே விதிப்படி அவர் கடமை.

பள்ளி நர்சரி

மூன்று வயதுக்கு ஆசிரியர், பெரிய மைதானம், ஏராளமான தோழர்கள் என்று பள்ளி நர்சரி நன்றாக இருக்கும். ஆனால் பள்ளிப் பருவம் மட்டும், பல இடங்களில் தினம் மூன்று மணி நேரம். அங்கே படிப்பதால் அதே பள்ளியின் தொடக்க வகுப்பான ரிசெப்ஷனில் இடம் உறுதியாகிவிடாது. ஜனவரி 15-க்குள் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். நாங்கள் பரிந்துரைப்பது கலப்பு ஏற்பாடு: காலையில் 15 மணி பள்ளியில், மீதி 15 மணி சைல்ட்மைண்டரிடம். ஒரே நாளில் இரண்டு இடம் வரை அனுமதி உண்டு. நண்பகலில் அந்தப் பள்ளி வாசலுக்கு அவர் வருவாரா என்று உறுதிசெய்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

கோட் விஷயம்

இரு பெற்றோரும், தனிப் பெற்றோராயின் அவர் மட்டும், வாரம் 16 மணி நேரக் குறைந்தபட்சக் கூலி அளவாவது சம்பாதிக்க வேண்டும். ஒருவர் வருமானம் 1,00,000 பவுண்டைத் தாண்டினாலும் தகுதி போய்விடும். குழந்தைக்கு 23 வாரம் ஆனதும் விண்ணப்பிக்கலாம். 11 இலக்கக் கோட் ஆகஸ்ட் 31, டிசம்பர் 31, மார்ச் 31 ஆகிய தேதிகளுக்குள் கையில் இருந்தால்தான் அடுத்த பருவம். ஒரு நாள் தவறினால் ஒரு பருவம் முழுக்கக் கைக்காசு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை விவரங்களை உறுதிப்படுத்த மறந்தால் சலுகைக் காலம் ஓடும். அது இருக்கும் இடத்தைக் காக்கும், புதிய இடத்துக்குச் செல்லாது. நர்சரியை விட்டுச் சைல்ட்மைண்டரிடம் மாறுகிறவர்கள் நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்பே கோட் எண்ணை உறுதிப்படுத்திவிட வேண்டும்.