பதினெட்டாம் போருக்கு டி700, படுகளத்துக்கு ஆர்எக்ஸ்100

போன சித்திரையில் ஆற்காட்டிலிருந்து செய்யாறு போகிற பக்கம் ஒரு ஊரில் திரௌபதி அம்மனுக்கு மகாபாரதக் கதையை நடத்தும் அக்கினி வசந்த விழா. ராத்திரி முழுக்க பதினெட்டாம் போர் கூத்து, விடிந்ததும் துரியோதனன் வீழும் படுகளம், சாயங்காலம் தீமிதி. இருட்டு, வெயில், கூட்டம், புழுதி, ஆட்டம் எல்லாம் ஒரே நாளில் கிடைக்கும் இடம் வேறு எது? அதனால் என்னிடம் இருக்கும் இரண்டு கேமராவையும் தூக்கிக்கொண்டு போனேன். ஒன்று 2008இல் வெளிவந்த நிக்கான் டி700. இன்னொன்று சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7, வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்த அதே 2019இல் வந்தது.

டி700ஐ நான் 2016இல் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன், கூடவே 24-70 எஃப் 2.8 ஜூம் லென்ஸ் (முதல் எண் எம்எம், கூடினால் தூரத்தை இழுக்கும்; எஃப் எண் சிறியதாக இருந்தால் வெளிச்சம் அதிகம் உள்ளே வரும்). காட்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டை என்று நான் எடுத்த கல்யாணங்கள் முக்கால்வாசி அந்த ஜோடியில்தான். பாடி, அதாவது லென்ஸ் இல்லாத கேமரா, பேட்டரியோடு ஒரு கிலோவைத் தாண்டும், லென்ஸ் 900 கிராம், ஆக கழுத்தில் இரண்டு கிலோ. முகூர்த்த நாளில் விடியற்காலை நாலு மணிக்கு மாட்டினால் மதியப் பந்தி முடியும்வரை அது இறங்காது. வலது தோள் இன்றைக்கும் அதைச் சொல்லும். மார்க் 7 என் மச்சான் துபாயிலிருந்து வரும்போது வாங்கி வந்தது. பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து 302 கிராம், சட்டைப் பையில் போட்டால் பை கொஞ்சம் தொங்கும், அவ்வளவுதான்.

வேஷம் கட்டும் கொட்டகையிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் எனக்குக் கூத்தில் மிகவும் பிடித்த இடம் அதுதான். ஒரு கையில் சின்னக் கண்ணாடி, இன்னொரு கையில் ஈர்க்குச்சி மாதிரி மெல்லிய குச்சி, தனக்குத் தானே முகம் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பேச்சு அதிகம் இருக்காது. இந்த இடத்தில் டி700இன் ஷட்டர் சத்தம் கதவைச் சாத்துகிற மாதிரி கேட்கும், ஒரு படம் எடுத்ததுமே நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், அப்புறம் அவர்கள் முகம் எழுதுகிறவர்களாக இருக்க மாட்டார்கள், போட்டோவுக்கு உட்கார்ந்தவர்களாகிவிடுவார்கள். மார்க் 7ஐ முழங்காலில் வைத்து, திரையை மேல்நோக்கி மடக்கி, தலையைக் குனிந்து பார்த்தபடியே எடுத்தேன், யாரும் கவனிக்கவில்லை. அசையாமல் உட்கார்ந்திருப்பவர்களை 24 எம்எம் அகலத்தில் எஃப் 2.8இல் எடுக்கிறோம் என்பதால் ஒரே ஒரு எல்இடி பல்பு வெளிச்சமே போதுமாக இருந்தது.

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். இதில் சத்தமே வராத எலக்ட்ரானிக் ஷட்டர் இருக்கிறது, ஆனால் மலிவான எல்இடி வெளிச்சத்தில் அதைப் போட்டால் படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக விழும். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், விளக்கு வினாடிக்கு நூறு தரம் மங்கி எரிகிறது, வெளிச்சத்தைப் படமாக்கும் சென்சாரோ வரிவரியாகப் படிக்கிறது, அதுதான் காரணம். பெரும்பாலான கேமராக்களில் இந்தத் தொல்லை உண்டு. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றி 1/100 அல்லது 1/50 வினாடியில் வைத்தால் போய்விடும். மார்க் 7இல் அந்த ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் அதுவும் காதில் விழாத அளவுக்குத்தான் சத்தம் போடுகிறது.

கூத்து வாத்தியார் என்னைப் பல வருஷமாகப் பார்க்கிறவர். முகத்துக்குச் சிவப்பு அப்பிக்கொண்டே, “இன்னா தம்பி, பெரிய பொட்டிய எங்க வெச்சிட்ட?” என்றார். “கூத்துக்குத்தான் வாத்தியாரே, பையில இருக்குது” என்றேன்.

பத்தரை மணிக்கு மேல் கூத்தாடும் களரி சூடு பிடித்தது. இரண்டு பக்கமும் எல்இடி ஃபோகஸ் லைட், பின்னால் சீரியல் விளக்கு, நடுவில் துரியோதனனாக வாத்தியார். கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு அவர் சுற்றிச் சுற்றி ஆடும்போது ஒட்டியிருக்கும் கண்ணாடித் துண்டெல்லாம் வெளிச்சத்தைத் தெறிக்கும். மார்க் 7இல் முதலில் முயன்றேன். முகம் வேண்டுமென்றால் ஜூம் செய்ய வேண்டும், ஜூம் செய்யச் செய்ய லென்ஸ் எஃப் 2.8இலிருந்து சுருங்கிக்கொண்டே போய் 4.5க்கு வந்துவிடும். ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்தை உணரும் அளவு, 6400 வைத்தும் ஷட்டர் 1/125க்கு மேல் ஏறவில்லை. நின்று வசனம் பேசும்போது சரி, சுழலும்போது முகம் கலங்கிவிடுகிறது. கேமராவுக்குள் இருக்கும் நடுக்கம் தடுக்கும் வசதி என் கை நடுக்கத்தைத் தடுக்கும், ஆடுகிறவரை நிறுத்தி வைக்காது. இது பலருக்குப் புரியாத இடம், ‘ஸ்டெபிலைசேஷன் இருக்கே, ராத்திரியில எடுக்கலாமே’ என்று கேட்டபடியே இருக்கிறார்கள்.

அப்புறம் டி700ஐ எடுத்தேன். 24-70ஐக் கழற்றிவிட்டு பழைய 85 எம்எம் எஃப் 1.8 டி லென்ஸைப் போட்டேன். இந்த டி வகை லென்ஸில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, பாடியில் இருக்கும் மோட்டார்தான் அதைத் திருப்பும், டி700இல் அது இருக்கிறது. எஃப் 2, ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் 1/320. சுழற்சியின் நடுவில் அவர் முகம் நம் பக்கம் திரும்பும் அந்த ஒரு கணம், கண் விரிந்து, வேர்வையில் சிவப்புச் சாயம் கரைந்து தாடையில் இறங்கிக்கொண்டிருக்க, அப்படியே கிடைத்தது. பின்னால் இருந்த ஸ்பீக்கர் பெட்டியும் சீரியல் விளக்கும் கரைந்து வெறும் வெளிச்சப் புள்ளிகளாகிவிட்டன. பதினேழு வயதாகப் போகிற கேமரா எடுத்த படம் என்று சொன்னால்தான் தெரியும்.

இதில் மாயம் ஒன்றுமில்லை, கணக்குத்தான். டி700இன் சென்சார் 36க்கு 23.9 மில்லிமீட்டர். மார்க் 7இல் இருப்பதை ஒரு அங்குல சென்சார் என்று சொல்வார்கள், ஆனால் உண்மை அளவு 13.2க்கு 8.8 மில்லிமீட்டர்தான். பரப்பில் ஏழு மடங்குக்கும் மேல் வித்தியாசம். அதற்குமேல் எஃப் 1.8 லென்ஸ் 4.5ஐவிட ஆறு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். இந்த இரண்டும் ஒன்றையொன்று பெருக்கும். பதினோரு வருஷத் தொழில்நுட்ப முன்னேற்றம் இந்தப் பள்ளத்தைக் கொஞ்சம் தூர்த்திருக்கிறது, மூடவில்லை.

மெகாபிக்சல் பார்த்து வாங்குகிறவர்களுக்கும் ஒன்று. டி700இல் வெறும் 12.1, மார்க் 7இல் 20.1. அந்தத் துரியோதனன் படத்தை 12க்கு 18 அங்குலத்தில் பிரிண்ட் போட்டு வாத்தியாருக்குக் கொடுத்தேன். அந்த அளவுக்கு அங்குலத்துக்கு 236 பிக்சல் வரும், கல்யாண ஆல்பம் பக்கத்துக்கு இது தாராளம். அவர் படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, புஜக்கட்டையில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டி, “இங்க ஒரு கண்ணாடி உதுந்து போயிருக்குதே தம்பி, எனக்கே தெரியல” என்றார். மார்க் 7இல் ஐஎஸ்ஓ 6400இல் எடுத்ததில் அதே இடம் மெழுகு பூசின மாதிரி வழவழவென்று இருந்தது, பிக்சல் அதிகம் இருந்தும்.

சரி, விடிந்தது. இங்கேதான் எல்லாம் தலைகீழானது.

படுகளத்தில் துரியோதனன் மண்ணால் செய்யப்பட்டு மல்லாந்து கிடப்பார். அந்த மண் உடம்பின்மேல் பீமனும் துரியோதனனும் ஓடி ஏறி இறங்கிச் சண்டை போடுவார்கள், சுற்றி ஊரே நிற்கும், முன்வரிசையில் இருப்பவர்கள் எல்லாரும் செல்போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருப்பார்கள். 24-70ஐத் திரும்ப மாட்டிக்கொண்டு போன எனக்கு ஒரு மணி நேரத்தில் கிடைத்தது பெரும்பாலும் பின்தலைகள்தான். 70 எம்எம் எட்டவில்லை. கேமராவைத் தலைக்குமேல் தூக்கினால் திரை அசையாதது, எதைப் பிடிக்கிறோம் என்றே தெரியாமல் குத்துமதிப்பாக அமுக்க வேண்டும். இரண்டு கிலோவை இரண்டு கையாலும் எவ்வளவு நேரம் உயர்த்திப் பிடிக்க முடியும்?

மார்க் 7ஐ ஒரு கையால் தூக்கினேன். திரையைக் கீழ்நோக்கி மடக்கினால் அண்ணாந்து பார்த்தே ஃபிரேம் வைக்கலாம், வெயிலில் திரை மங்கலாகத் தெரிந்தாலும் ஆள் எங்கே இருக்கிறார் என்று தெரிகிறது. ஜூம் 200 எம்எம் வரை. ஃபோகஸ் முகத்தைப் பிடித்துக்கொண்டு ஆளோடு ஆளாக ஓடியது, வினாடிக்கு 20 படம். தொடையில் புதைத்து வைத்திருக்கும் சிவப்புக் கரைசல் பானை உடைந்து தெறிக்கும் நொடி, அதை எடுத்துப் பாஞ்சாலி கூந்தலில் தடவி முடிகிற நொடி, இரண்டும் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் எனக்கு அந்தப் பானை உடையும் படம் ஒழுங்காக அமைந்தது இதுதான் முதல் தடவை. டி700 வினாடிக்கு 5 படம் எடுக்கும், அதன் 51 ஃபோகஸ் புள்ளிகளும் நடுவில் குவிந்திருக்கும், ஓரத்தில் ஓடுகிறவரைப் பிடிக்க நாம் தான் கேமராவைத் திருப்ப வேண்டும்.

ராத்திரியில் குறையாக இருந்த சின்ன சென்சார் பகலில் உதவியாகவும் இருந்தது. பீமன், மண் உடம்பு, பின்னால் வாய்பொத்தி நிற்கும் பெண்கள், எல்லாமே ஒரே படத்தில் தெளிவாக விழுந்தன. படுகளத்துக்கு அப்படித்தான் வேண்டும், அங்கே ஊரும் ஒரு பாத்திரம். வீடியோவும் இதில்தான், டி700இல் வீடியோ என்பதே கிடையாது. மார்க் 7இல் மைக் மாட்ட ஓட்டை இருப்பதால் ஒப்பாரியைத் தனி மைக்கில் பதிந்தேன்.

மார்க் 7 வாங்க நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: புழுதி, தண்ணீர் எதற்கும் காப்பு கிடையாது, நான் கைக்குட்டையில் சுற்றியே வைத்திருந்தேன். பேட்டரிக்கு 260 படம் என்பது கணக்கு, தொடர்ச்சியாக அமுக்கினால் அதைவிட நிறைய வரும், ஆனால் வீடியோவும் சேர்ந்தால் ஒரு பேட்டரி ஒரு காலைக்குப் போதாது. ஃப்ளாஷ் மாட்டும் ஹாட் ஷூ இல்லை, அதனால் மண்டபக் கல்யாணத்துக்கு இதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். டி700 வாங்குகிறவர்கள் அதில் படம் பதியும் காம்பேக்ட் ஃப்ளாஷ் மெமரி கார்டைச் சேர்த்தே கேட்டு வாங்குங்கள், நான் வேலூரில் ஏறி இறங்கிய மூன்று கடைகளில் இல்லை. இதுவரை எத்தனை படம் எடுத்தது என்ற ஷட்டர் எண்ணிக்கையையும் பார்த்துவிடுங்கள், நிறுவனம் சோதித்துச் சொன்ன அளவு ஒன்றரை லட்சம்.

தொழில் கற்கும் பையன்கள் என்னிடம் கேட்டால் டி700 மாதிரிப் பெரிய சென்சார் உள்ள பழைய முழு ஃபிரேம் பாடியும், ஜூம் இல்லாத ஒரு 50 அல்லது 85 பிரைம் லென்ஸும்தான் சொல்வேன், செலவும் குறைவு. கையில் ஏற்கெனவே ஒரு நல்ல டிஎஸ்எல்ஆர் இருந்து, அதோடு கோயில் திருவிழா சுற்றுகிறவராக இருந்தால் மார்க் 7. பாடியை மாற்ற வேண்டியதில்லை, அந்தக் கனமான ஜூமைத்தான் மாற்ற வேண்டும். பகலில் 24-70 செய்த வேலையை இந்தச் சின்னப் பெட்டி செய்துவிடுகிறது, ராத்திரியில் 85ஐ விட்டால் வேறு வழியில்லை.

ஊருக்கு வந்த அடுத்த வாரமே 24-70ஐ விற்றுவிட்டேன். வந்த பணத்தில் முதல் செலவு, மார்க் 7க்கு மூன்று பேட்டரி.