கடலோர வீட்டு விறாந்தையில் மின்விசிறி: நான்கு வருட அனுபவம்

மட்டக்களப்பு, கல்லடியில் எங்கள் வீட்டிலிருந்து கடற்கரைக்கு ஐந்து நிமிட நடை. கச்சான் என்ற வெப்பக் காற்று வீசும் மாதங்களில் முன்விறாந்தையில் பகலில் இருக்க முடியாது என்பதால், அறைக்குள் பூட்டும் சாதாரண மின்விசிறி ஒன்றை வாங்கி அங்கே பூட்டினேன். மேலே கூரை இருப்பதால் இதுவே போதும் என்று கடைக்காரர் சொன்னது அப்போது நியாயமாகவே பட்டது. பதினான்காம் மாதத்தில் அதைக் கழற்றியபோது திருகாணிகள் கறள் பிடித்து ஒட்டிப்போயிருந்தன, பெயரிங் கரகரத்தது. ஒரு துளி மழையும் படாத இடம் அது; கடற்காற்றிலுள்ள உப்புதான் காரணம்.

இரண்டாவதாக வாங்கியது, பிளாஸ்டிக் இறக்கைகளுடன் வெளியிடப் பாவனைக்கென்றே செய்யப்பட்ட, ஐ.பி. 44 என்ற குறியுடைய விசிறி. அந்தக் குறியின் முதல் நான்கு, ஒரு மில்லிமீற்றரும் அதற்கு மேலும் தடிப்புள்ள பொருள் உள்ளே போகாது என்பதையும், அடுத்த நான்கு, எத்திசையிலிருந்து தெறிக்கும் நீரையும் அது தாங்கும் என்பதையும் குறிக்கிறது. உப்பைப் பற்றி அது எதுவுமே சொல்வதில்லை. ஆகவே கூட வந்த திருகாணிகளை ஒதுக்கிவிட்டு, உப்புக்கு இலகுவில் கறள் பிடிக்காத, மொலிப்டினம் கலந்த 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணிகளைக் கிரீஸ் பூசிப் போட்டோம். இந்தச் சில்லறைச் செலவுதான் இன்றுவரை விசிறியைக் காப்பாற்றுகிறது என்பது என் எண்ணம்.

சீலிங் தகட்டில் பாரத்தைத் தொங்கவிடக் கூடாது என்று ஓடாவியார் இரண்டு தீராந்திகளுக்கிடையில் குறுக்குச் சட்டம் அடித்துத் தந்தார். இறக்கைகள் தரையிலிருந்து எட்டடி உயரத்தில் சுழல்கின்றன. வயரிங்கில்தான் வேலை இழுத்தது. பழைய விறாந்தை விளக்குக்கு இரண்டு கம்பிகள் மட்டுமே வந்திருந்தன, ஏர்த் இல்லை. 230 வோல்ட் ஓடும், ஈரம் படக்கூடிய இடத்தில் அதை விட்டுவிட மனம் ஒப்பவில்லை. மெயின் சுவிட்சை நிறுத்தி, டெஸ்டரால் சோதித்த பிறகு, எலெக்ட்ரீசியன் மெயின் பெட்டியிலிருந்து புதிதாக மூன்று கம்பிகளைக் குழாய்க்குள் இழுத்தார். இந்த இணைப்பு, மின்சாரம் கசிந்தால் தானாகவே துண்டிக்கும் 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்சின் கீழ் வருகிறது. கம்பியைப் பிடித்து வழியும் தண்ணீர் உள்ளே போகாமல் கீழே சொட்டுவதற்காக, இணைப்புப் பெட்டிக்குள் நுழையுமுன் அதைச் சற்றுத் தொய்வாக வளைத்து விட்டார். சுவிட்சும் ரெகுலேட்டரும் வீட்டுக்குள் சுவரில் இருக்கின்றன.

மூன்றாம் வருடம் வேகம் குறைந்தது. மோட்டார் போய்விட்டதென்று பயந்தேன், கப்பாசிட்டரை மாற்றியதும் சரியாகிவிட்டது. இரண்டு மாதத்துக்கொருமுறை, மின்சாரத்தை நிறுத்தி, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உப்புப் படிவைத் துடைக்கிறேன். புயல் அறிவித்தல் வந்தால் இறக்கைகளைக் கழற்றி உள்ளே வைத்துவிடுவோம். 1978 நவம்பர் சூறாவளியைக் கண்ட அம்மா இருக்கும்வரை இதில் விலக்குக் கிடையாது.

காற்று, பழைய விசிறியைவிடக் குறைவுதான் என்பதை மறைக்க முடியாது. ஆனால் மாலையில் நுளம்பு கிட்ட வருவதில்லை. மேல்மூடியின் ஓரத்தில் மட்டும் இப்போது பெயின்ற் கொப்பளிக்கத் தொடங்கியிருக்கிறது. மாரி முடிந்ததும் சுரண்டிப் பூச வேண்டும்.